எடுத்து வைக்கத் தெரிந்த வீடு

பருவத்துக்கு ஏற்ப வீட்டை அழகுபடுத்துவது என்றாலே பலருக்கும் முதலில் தோன்றுவது எதை வாங்கலாம் என்பதுதான். கோடைக்கு ஒரு நிறத்தில் மெத்தை உறை, மழைக்காலத்துக்கு ஒரு மேஜை விளக்கு, குளிருக்குக் கனமான போர்வை, வசந்தத்துக்குப் புதிதாக ஒரு பூச்சாடி. இப்படி இரண்டு மூன்று வருஷம் ஓடினால் எல்லாப் பருவமும் ஒரே அலமாரியில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதுவும் கண்ணில் படாது. நான் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி. வீட்டுக்குள் ஒரு பருவம் வர வேண்டுமானால் முதலில் ஏதாவது ஒன்று வீட்டைவிட்டு, குறைந்தபட்சம் பார்வையைவிட்டு, வெளியே போக வேண்டும்.

சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. கண் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் சொல்கிறேன். சுவரில் மாட்டிய படத்தை முதல் வாரம் நின்று பார்ப்போம். அப்புறம் தூசி தட்டும்போது பார்ப்போம். அப்புறம் அது அங்கே இருப்பதே விருந்தாளி யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வரும். 2013இல் ஜோர்டி க்வாட்பாக், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை நடத்தினார்கள். சிலரிடம் ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடவே கூடாது என்றார்கள். வேறு சிலருக்கு நிறையக் கொடுத்து, முடிந்த மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம் எதுவும் சொல்லவில்லை. வாரக் கடைசியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு. அதிகம் ருசித்தவர்கள், ஒரு வாரம் விட்டு வைத்திருந்தவர்கள்தான். பூச்சாடிக்கும் போர்வைக்கும் இந்தச் சோதனையை யாரும் செய்து பார்த்தார்களோ இல்லையோ, என் வீட்டு ஜன்னல் திண்டில் நான் அதை வருஷம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன்.

கூடத்து ஜன்னலின் உள்பக்கம் ஒரு சின்னத் திண்டு. அலங்காரப் பொருள் எதுவானாலும் அங்கேதான் இடம். வேறு எங்கும் கிடையாது. அந்தந்தக் காலத்துக்கு உரியது மட்டும் அங்கே இருக்கும். மற்றதெல்லாம் பழைய பருத்தித் துணியில் சுற்றி மேல் அலமாரிக்குப் போய்விடும். அதில் ஒரு நீலக் கண்ணாடிக் குடுவை உண்டு. விசேஷமான பொருள் ஒன்றுமில்லை. கழுத்து கொஞ்சம் கோணல், அடியில் ஒரு காற்றுக்குமிழி. வருஷத்தில் பாதி நாள் அது இருட்டில்தான் இருக்கும். சூரியன் தாழ்ந்து வரும் மாதங்களில் மட்டும் எடுத்து வைப்பேன். ஏனென்றால் அப்போதுதான் அந்த ஜன்னலுக்குள் வெயில் இறங்கி, குடுவை வழியாகத் தரையில் ஒரு நீலத் திட்டு விழும். காலையில் சுவரோரம் தொடங்கி, மதியத்துக்குள் நாற்காலிக் காலைத் தாண்டி நகரும். அந்தக் காற்றுக்குமிழி மட்டும் நீலத்துக்கு நடுவே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சூரியன் உயர்ந்துவிட்டால் திட்டு போய்விடும். அதன்பின் அது வெறும் கண்ணாடி. அப்போது அதைத் திண்டில் வைத்திருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

உண்மையில் வருஷம் முழுக்க வீட்டை அலங்கரிப்பவர் சூரியன். பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால் வெப்பமண்டலத்துக்கு வெளியே இருக்கும் ஊர்களில் சூரியன் வடகோடியைத் தொடும் ஜூன் நாளுக்கும் தென்கோடியைத் தொடும் டிசம்பர் நாளுக்கும் இடையே நடுப்பகல் சூரியனின் உயரம் ஏறக்குறைய 47 பாகை மாறுகிறது. சின்ன வித்தியாசமல்ல. ஒரே ஜன்னலில் ஒரு காலத்தில் வெயில் திண்டோடு நின்றுவிடும். இன்னொரு காலத்தில் எதிர்ச் சுவர்வரை வந்து புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைத் தொடும். வெப்பமண்டலத்துக்குள் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேடிக்கை: சூரியன் வருஷத்தில் இரண்டு முறை தலைக்கு நேர்மேலே வரும், சில மாதம் தெற்கே சாய்ந்திருக்கும், சில மாதம் வடக்கே. ஆகவே வெயிலே வராது என்று நாம் ஒதுக்கி வைத்த ஜன்னலிலும் ஒரு பருவத்தில் திடீரென்று வெயில் எட்டிப் பார்க்கும்.

வீடு மாற்றி வந்தால் நான் செய்யும் முதல் வேலை, மாதம் ஒருமுறை நடுப்பகலில் வெயில் விழும் எல்லையைத் தரையில் பென்சிலால் குறித்துக்கொள்வது. ஒரு வருஷக் கோடுகள் சேர்ந்துவிட்டால், எந்தத் திரைச்சீலை எப்போது கனமானதாக வேண்டும், எப்போது மெல்லியதாக வேண்டும், எந்தச் செடியை எப்போது ஓரடி தள்ள வேண்டும், வாசிக்கும் நாற்காலி எந்த மாதம் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். நாற்காலியை இடம் மாற்றுவதைக் குறைத்து எடைபோட வேண்டாம். வீட்டு அலங்காரத்தில் காசே செலவில்லாமல் அதிகப் பலன் தருவது அதுதான். ஆறு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் ஒரு நாள் மரத்தைப் பார்த்து உட்கார்ந்தால், அறையே புதிதாக இருக்கும்.

வெளிச்ச விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். திறந்தவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். மேகம் மூடிய பகலில்கூடப் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நாம் ‘நல்ல வெளிச்சம்’ என்று சொல்லும் விளக்கு போட்ட கூடத்தில் சில நூறுதான் தேறும். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடுவதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. அதனால்தான் அறையின் நடுவே, பார்ப்பதற்கு வெளிச்சமாக இருக்கிறதே என்று வைத்த செடி இழுத்துக்கொண்டு கிடக்கிறது: தண்டு நீளும், இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடும், முழுச் செடியும் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பும். இந்தத் திருப்பத்தை டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்குத் தொப்பி போட்டு ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார்கள். நுனியை மறைத்துவிட்டால் நாற்று திரும்பவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள தண்டு. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி இருந்தால் ஒரு நாள் வீட்டைச் சுற்றி அளந்து பாருங்கள். அதற்கப்புறம் மணிபிளான்டைக் குளியலறை மூலையில் வைக்க மனசு வராது.

இங்கே ஒரு இடைச்செருகல். வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அந்தச் சோதனை நடந்தது மூடி முத்திரையிட்ட சின்னக் கூண்டுகளில். காற்று வந்து போகும் வீட்டில் அதே பலன் கிடைக்க எத்தனை செடி வேண்டும் என்று 2019இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் என்று வந்தது. அவ்வளவு வைத்தால் நாம் மொட்டைமாடியில்தான் படுக்க வேண்டும். சுத்தமான காற்றுக்கு ஜன்னலைத் திறக்கலாம். செடியைப் பார்க்கப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் வைத்தால் அதுவே போதுமான காரணம்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: அட்டைப்பெட்டி.

கலஞ்சோ என்று ஒரு செடி. தடித்த இலை, கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ, சிவப்பிலும் ஆரஞ்சிலும் மஞ்சளிலும் கிடைக்கும். வாங்கும்போது முழுக்கப் பூவாக இருக்கும். பூ உதிர்ந்த பிறகு இலை மட்டும் செழித்து வளரும். மறுபடி பூக்கவே பூக்காது. பலர் அத்தோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். செடியில் கோளாறு ஒன்றுமில்லை. அது இருட்டுக்காகக் காத்திருக்கிறது.

1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலார்டு என்ற இருவர், கோடை முழுவதும் பூக்காமல் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை வைத்து, சில செடிகள் பகலின் நீளத்தை அளந்துதான் பூக்கின்றன என்று காட்டினார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற வேறு இருவர் இன்னும் ஒரு படி போனார்கள்: செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால்கூடப் போதும், அந்த இரவு கணக்கில் சேராது. சாமந்தி இந்த வகை. பாய்ன்செட்டியா இந்த வகை. அதில் சிவப்பாக இருப்பவை இதழ்கள்கூட அல்ல, நிறம் மாறிய இலைகள். கலஞ்சோவும் அப்படித்தான். சாமந்தியைத் தள்ளிப் பூக்க வைக்க விரும்பும் வணிகப் பண்ணைகளில் நடுராத்திரியில் விளக்கைப் போட்டு இரவை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். நம் வீட்டில் அதே வேலையை நாம் அறியாமலே கூடத்து விளக்கும் தொலைக்காட்சியும் தெருவிளக்கும் செய்கின்றன. அவற்றுக்கு நடுவே அந்தச் செடிக்கு இரவு என்று ஒன்று வருவதே இல்லை.

ஆகவே பகல் குறையத் தொடங்கியதும் ஓர் அட்டைப்பெட்டியை எடுப்பேன். மடிப்புகளில் கறுப்பு டேப் ஒட்டி, சந்து பொந்து எல்லாம் அடைத்துவிடுவேன். உள்ளே தலையை நுழைத்துப் பார்ப்பேன். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே இன்னொரு டேப். மாலை 5 மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தொட்டியை மூடினால் காலை 7 மணிக்குத் திறப்பேன். பதினான்கு மணி நேரம் இருட்டு. பகலில் நல்ல வெளிச்சமான ஜன்னலில் இருக்க வேண்டும், தண்ணீர் குறைவாகப் போதும், உரம் வேண்டாம். இப்படி ஆறு வாரம். முதல் வாரங்களில் ஒன்றுமே நடக்காது. என் தம்பி வீட்டுக்கு வந்தால் விடமாட்டான்.

“அக்கா, செடி தூங்கிடுச்சா? சத்தம் போடாமப் பேசணுமா?”

“நீ விளக்கைப் போடாம இரு, அது போதும்.”

நான்காவது ஐந்தாவது வாரத்தில் நுனி இலைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு முடிச்சு தெரியும். இலை மொட்டா பூ மொட்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னும் சில நாளில் அது பிரிந்து பிரிந்து, கடுகு அளவில் ஒரு கொத்தாகத் தெரியும்போது சந்தேகம் போய்விடும். அதற்கப்புறம் பெட்டி தேவையில்லை. தம்பியே வந்து எட்டிப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துப் போவான். பூத்த செடியைக் கடையில் வாங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை மூடித் திறந்து, வெறும் பச்சை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தபின் வரும் பூ வேறு.

இதே போலக் குளிரைக் கேட்டு நிற்பவையும் உண்டு. டியூலிப், ஹயசிந்த் போன்ற குமிழ்ச் செடிகளுக்கு ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். இல்லாவிட்டால் பூ குட்டையாக வரும், அல்லது வராது. குளிர் இல்லாத ஊர்களில் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் காகிதப் பையில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் ஆப்பிளை அதே தட்டில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். குமிழுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பூவை அது கருக்கிவிடும்.

பறித்த பூவுக்கும் அதே கதைதான். மேஜை நடுவில் பழக்கூடை, பக்கத்தில் பூச்சாடி என்று பத்திரிகைப் படங்களில் அழகாக இருக்கும். கார்னேஷன் போன்ற பூக்கள் பழத்துக்குப் பக்கத்தில் சீக்கிரம் சுருங்கிவிடும். சாடியைத் தள்ளி வைத்து, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, அப்போதெல்லாம் தண்டின் அடியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பூ நீடிக்கும். தண்டுக்குள் காற்றுக் குமிழியும் பாக்டீரியாவும் அடைப்பதுதான் பூ தலை தொங்குவதற்குப் பெரும்பாலும் காரணம். சாடியில் காசு போடுவது, மாத்திரை போடுவது போன்ற வைத்தியங்களைவிடக் கத்தரிக்கோலும் புதுத் தண்ணீரும் மேல்.

கோடையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. அது எடுக்கும் காலம். கம்பளம், கனத் திரை, மெத்தைமேல் அடுக்கிய திண்டுகள் எல்லாம் போக வேண்டும். வெறும் தரையில் நடப்பதே அந்தக் காலத்து அலங்காரம். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் மேல் உள்ள வியர்வையை ஆற்றுகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் அது சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். தோட்டத்தில் தக்காளி பூவாகவே உதிர்ந்தால் உரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் சூடு இறங்காமல் இருந்தால் மகரந்தம் வீணாகிவிடும், பூ நிற்காது. நிழல்வலை கட்டி, மண்ணுக்கு நான்கு விரல் உயரம் மூடாக்குப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

கோடைக்கு மாலையில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அந்திமந்தாரை அப்போதுதான் மடல் அவிழும். பகலெல்லாம் சுருட்டி வைத்த குடைகள் போல நிற்கும் மொட்டுகள், வெயில் தணியும் நேரத்தில் ஒவ்வொன்றாக விரியும். பொறுமை இருந்தால் கூடவே உட்கார்ந்து விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். எந்தப் பூ எந்த நேரத்தில் திறக்கும், மூடும் என்று வரிசைப்படுத்திப் பூக்களைக் கொண்டே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று 1751இல் கார்ல் லின்னேயஸ் எழுதினார். ஊர் மாறினால், வானிலை மாறினால் நேரமும் மாறும் என்பதால் அதை நம்பி ரயிலுக்குப் போக முடியாது. ஆனாலும் தேநீருக்கு உட்கார அந்திமந்தாரை சொல்லும் நேரம் எனக்குத் தோதாகவே இருக்கிறது. இரவில் மணப்பவை பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் நிறம். விட்டில்கள் இருட்டில் தேடி வருவதற்காக. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நட ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால், நிறத்தை மறந்துவிட்டு மணத்தைப் பார்த்து நடுங்கள்.

பிறகு முதல் மழை. அந்த மண்வாசனை எங்கிருந்து வருகிறது என்று 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் எழுதினார்கள். வறண்ட காலத்தில் செடிகள் விடும் எண்ணெய்கள் பாறையிலும் மண்ணிலும் ஊறிக் கிடந்து, ஈரம் பட்டதும் கிளம்புகின்றன. கூடவே ஜியோஸ்மின் என்ற பொருள், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, விழும் துளி மண்ணின் நுண்துளைகளில் காற்றைச் சிறைப்பிடிப்பதும், அந்தக் காற்று குமிழிகளாக மேலேறி வெடித்து நுண்திவலைகளை வீசுவதும் தெரிந்தது. அடித்துக் கொட்டும் மழையைவிட மெல்ல விழும் மழையில்தான் இது அதிகம். ஸ்பிரிங்டெயில் என்ற மண்ணுயிர்கள் இந்த மணத்தைத் தேடிவந்து பாக்டீரியாவைத் தின்று, அதன் விதைத்தூளை உடம்பில் ஒட்டிக்கொண்டு பரப்புகின்றன என்று 2020இல் கண்டறிந்தார்கள். நமக்கு விருந்தாகத் தெரிவது அவற்றுக்கு அழைப்பிதழ்.

இந்த வாசனைக்காக நான் ஒரு வேலை செய்வேன்: மழை வரப்போகிறது என்று தெரிந்தால் வீட்டில் ஊதுவத்தியோ வாசனைத் திரியோ எதுவும் கிடையாது. அறைக்குள் இன்னொரு மணம் நின்றால் இது உள்ளே வர இடமிருக்காது. எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு என் வீட்டில் தனியாக அலங்காரம் எதுவும் இல்லாததற்குக் காரணம் இதுதான். திண்டு காலியாக இருக்கும், ஏனென்றால் ஜன்னல் முழுதாகத் திறக்க வேண்டும்.

செடிகளுக்கு மட்டும் அப்போது கவனம் வேண்டும். தொட்டிக்கடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள். தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதைவிட ஊறிச் சாவதுதான் அதிகம். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் இல்லை, அழுகல் தொடங்கிவிடும். வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி போடும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால் நன்மையில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து கரடான ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மண் நன்றாக நிறைந்து வழிகிற நிலை வரும்வரை எல்லையிலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் அந்தத் தேக்கம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது என்பதே மிச்சம். ஓட்டை பெரிதாக, மண்கலவை பொலபொலப்பாக இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் ஊற்றலாமா என்று தெரியாவிட்டால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இலையுதிர் காலத்துக்கு ஒரு குறும்பு உண்டு. மஞ்சள் புதிதாக வருவதில்லை. அது வருஷம் முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்து விலகும்போதுதான் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. பெரும்பாலான மரங்கள் அதைக் கடைசி நேரத்தில் புதிதாகத் தயாரிக்கின்றன. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். உதிர்ந்த இலையில் நல்ல வடிவமாக நாலைந்தை எடுத்துத் தடித்த புத்தகத்துக்குள் அழுத்தி, பிறகு திண்டில் வைக்கலாம். மீதியைக் கொளுத்தாதீர்கள். ஒரு மூலையில் குவித்து, நனைத்து, மூடிப்போட்டு மறந்துவிட்டால் ஓரிரு வருஷத்தில் கறுத்து, உதிரியாக, காட்டு மண் வாசனையோடு இலைமக்கு தயாராகிவிடும். சத்து அதிகம் இல்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு நிகர் இல்லை. நாற்றுத் தொட்டிக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

கவாத்துக்கு ஒரு வார்த்தை. வசந்தத்தில் பூக்கும் புதர்கள் பலவும் போன வருஷத்துக் கிளையில்தான் மொட்டு கட்டி வைத்திருக்கும். குளிர்காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை வெட்டினால் பூவை வெட்டுகிறோம். அவற்றைப் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். புதுத் துளிரில் பூப்பவற்றை முன்னதாகவே வெட்டலாம். இரண்டில் எது என்று தெரியாத செடியை ஒரு வருஷம் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது உத்தமம்.

கம்பளித் துணிகளை உள்ளே வைக்கும் பருவம் வந்தால், துவைத்த பிறகுதான் வையுங்கள். ஒரு முறைதானே போட்டேன் என்று அப்படியே மடித்து வைப்பதில்தான் வம்பு. துணியை அரிப்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான் அது முதலில் தேடும். எடுத்து வைத்த பொருளை மறுபடி பார்க்கும் சந்தோஷம், அது ஓட்டை இல்லாமல் வந்தால்தான் உண்டு.

எடுத்து வைப்பதற்கும் வெளியே கொண்டுவருவதற்கும் நாள் பார்ப்பது எப்படி? நாள்காட்டியில் பருவம் தொடங்கும் தேதி என் ஜன்னலுக்கு ஒத்து வருவதில்லை. வருஷத்தை நான்காகப் பிரிப்பதே ரொம்பத் தாராளம். பழந்தமிழில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. சீன நாள்காட்டியில் 24 கூறுகள். ஜப்பானில் 1685இல் ஷிபுகாவா ஹாருமி என்ற வானியலாளர், ஐந்தைந்து நாளாக 72 பருவங்கள் கொண்ட பழைய சீனப் பட்டியலைத் தம் நாட்டு வானிலைக்குப் பொருந்தும்படி மாற்றி எழுதினார். அந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது: பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வெளியே பார்த்துத் திருத்தியது. நம் வீட்டுக்கும் அப்படி ஒரு பட்டியலை நாமே எழுதிக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு குறிப்பேடு போதும். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் முதல் பூ, முதல் இலை, முதல் குயில் என்று தேதி குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாள் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அரண்மனை நாட்குறிப்பில் இன்று மலர் பார்க்கும் விருந்து என்று யாரோ போகிற போக்கில் எழுதியது, இன்று வெப்பநிலை ஆய்வுக்குச் சான்றாக நிற்கிறது. 2021இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுதாக மலர்ந்துவிட்டன. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு வருஷப் பதிவில் அதுவே மிக முந்தியதாக இருந்தது.

என் குறிப்பேட்டை வைத்து யாரும் ஆய்வு செய்யப்போவதில்லை. கையெழுத்தே பாதி எனக்குப் புரியாது. ஆனால் ‘அந்திமந்தாரை முதல் பூ’ என்று ஒரு வரி, ‘வெயில் அலமாரியைத் தொட்டது, குடுவை எடுக்கவும்’ என்று ஒரு வரி, ‘இன்றிலிருந்து பெட்டி’ என்று ஒரு வரி சேரச் சேர, அடுத்த வருஷம் அதைப் புரட்டும்போது எது வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டு காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரே யோசனை: அழகாக எழுத முயல வேண்டாம், நாலாம் நாளே நின்றுவிடும். தேதி, செடி, என்ன நடந்தது, அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத நாளுக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. பேனாவை மட்டும் குறிப்பேட்டோடு நூலில் கட்டி ஜன்னலோரம் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் பேனா தேடிப் போனவர்கள் திரும்பி வந்து எழுதியதாகச் சரித்திரம் இல்லை.